தண்டவாளத்தின் இரு பக்கமும் நிலம் உள்ள கிராமம்: பத்தீர்

பாலஸ்தீனத்தில் பத்தீர் என்றொரு கிராமம் இருக்கிறதாமே, 1948 அரபு-இஸ்ரேல் போரின்போது ஊர்க்காரர்கள் காலி வீடுகளில் விளக்கேற்றி வைத்து எதிர்ப்படையை ஏமாற்றி ஊரைக் காப்பாற்றிக்கொண்டார்களாமே, அது நடந்ததா, கட்டிவிட்ட கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ரோமானியரிடம் யூதக் கிளர்ச்சித் தலைவர் பார் கொக்பா வீழ்ந்த கோட்டை இந்த ஊர்தானா என்றும், யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் ஊருக்கு என்ன கிடைத்தது என்றும் இரண்டு துணைக் கேள்விகள். மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, உங்கள் மனத்தில் உள்ளது ஒரே கேள்வி என்று எனக்குப் பட்டது. அக்கம்பக்கத்து ஊர்கள் வரைபடத்திலிருந்தே மறைந்தபோது இந்தச் சிற்றூர் மட்டும் எப்படி நின்றது? அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். என் தொழில் புவியியல் கற்பிப்பது. மலைப்பகுதிப் பாசனம் நான் நீண்ட காலமாகப் படித்துவரும் துறை. ஆகவே நிலத்தையும் நீரையும் வரைபடத்தையும் பற்றித் துணிந்து பேசுவேன். ஊர் மக்களின் வாய்மொழி நினைவுகள் அரபு மொழியில் உள்ளவை. அவற்றை மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்தவன் நான். அந்த இடம் வரும்போது அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்தே தொடங்குகிறது. ஜெருசலேமுக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர், பெத்லகேமுக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டர். மத்தியதரைக் கடலோரச் சமவெளியிலிருந்து ஜெருசலேம் மலைக்கு ஏறிவரும் ஆழமான பள்ளத்தாக்கின் தென்சரிவில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு மேலே ஜெருசலேம் வரை நீள்கிறது. தாவீதின் கதையில் பெலிஸ்தர் வந்து இறங்கிய ரெப்பாயீம் பள்ளத்தாக்கு என்று விவிலியம் படித்தவர்கள் அறிவார்களே, பொதுவாக அதுவே இது என்று கொள்கிறார்கள். கீழே மேற்கு நோக்கிப் போனால் இது சோரேக் பள்ளத்தாக்கோடு சேர்ந்து சமவெளியில் இறங்குகிறது. கடற்கரையிலிருந்து மலைக்கு ஏற இயற்கை விட்டுவைத்த சில வாசல்களில் ஒன்று இது. அந்த வாசலின் மேல் ஒரு பாறைத் திண்ணையில் பத்தீர் உட்கார்ந்திருக்கிறது. 1870-களில் இப்பகுதியை அளந்த பிரிட்டிஷ் நில அளவையாளர்களும், செங்குத்தான சரிவில், கீழே பாறை முகம் கொண்ட வலுவான இருப்பிடம் என்றே இதைக் குறித்துவைத்தார்கள்.

அங்கே ஊர் அமைந்ததற்குக் காரணம் ஊற்று. ஜெருசலேம் மலைகள் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் அடுக்கடுக்காகப் படிந்தவை. மழை ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதுவும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையிலேயே கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் ஒரு துளி கிடையாது. பெய்த நீர் வெடிப்புகள் வழியாகப் பாறைக்குள் இறங்கிவிடும். இறங்கும் வழியில் களிமண் கலந்த மார்ல் அடுக்கு ஒன்று குறுக்கிட்டால், நீர் அதைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, மலைச்சரிவு அந்த அடுக்கை வெட்டும் இடத்தில் வெளியே வருகிறது. இந்த மலைகளில் ஊற்றுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரிசையாகக் காணப்படுவது இதனால்தான். பத்தீரின் எல்லைக்குள் இப்படிப் பல ஊற்றுகள் உண்டு. ஊருக்கு நடுவில் உள்ளது அய்ன் அல்-பலத். ஊரின் ஊற்று என்று பொருள். வறண்ட மலையில் கோடை முழுக்க வற்றாத நீர் கிடைத்துவிட்டால், மனிதர்கள் அதை விட்டு எளிதில் போக மாட்டார்கள்.

நீர் மட்டும் போதாது, மண் வேண்டும். செங்குத்துச் சரிவில் மண் தங்காது. குளிர்கால மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அடுக்கு வயல்கள். புகைப்படங்களில் பச்சைப் படிக்கட்டுகளாகத் தெரிகிறவை, காரையோ சாந்தோ இல்லாமல் கல்லின்மேல் கல்லாக வைத்துக் கட்டிய சுவர்களால் தாங்கப்படும் மண்திட்டுகள். வெளிமுகத்தில் பெரிய கற்கள், அவற்றின் பின்னே சிறு கற்களும் சில்லுகளும், அதற்கும் பின்னே மண். சாந்து பூசாததற்குக் காரணம் உண்டு. மழைநீர் சுவரின் பின்னால் தேங்கினால் அதன் அழுத்தத்திலேயே சுவர் சாய்ந்துவிடும். இடைவெளிகள் வழியாக நீர் கசிந்து வெளியேறினால் மண் தங்கும், நீர் போகும். ஆனால் இப்படிக் கட்டிய சுவரைத் தனியே விட்டுவிட முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் எங்காவது சுவர் வயிறு தள்ளியிருக்கும். எங்காவது இரண்டு கற்கள் உருண்டிருக்கும். அதை அந்த ஆண்டே எடுத்து வைக்காவிட்டால், அடுத்த மழையில் அந்த ஓட்டை வழியே மேல்திட்டின் மண் கீழ்த்திட்டுக்கு வரும். அந்தப் பாரத்தில் கீழ்ச்சுவரும் போகும். சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சரிவு மீண்டும் சரிவாகிவிடும். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1948-க்கு வரும்போது இது தேவைப்படும்.

இந்த அடுக்கு வயல்கள் நாலாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். இந்த மலைகளில் மண்ணை நிறுத்திப் பயிரிடும் வழக்கம் மிகத் தொன்மையானது, ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு சுவரும் அத்தனை பழையது என்று சொல்வதற்கில்லை. மண்ணில் உள்ள மணல் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன என்பதை அளந்து காலம் கணிக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஜெருசலேம் மலைகளில் அந்த முறையில் ஆராய்ந்தபோது, இன்று நிற்கும் திட்டுகளில் பெரும்பகுதி கடந்த சில நூற்றாண்டுகளில் கட்டப்பட்டவை அல்லது அடியோடு புதுப்பிக்கப்பட்டவை என்று தெரிந்தது. எனக்கு இது ஊரின் பெருமையைக் குறைப்பதாகத் தோன்றவில்லை. பழைய சுவரை அப்படியே வைத்துப் பூட்டிக் காப்பதைவிட, விழுந்த சுவரைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துக் கட்டிக்கொண்டே வந்திருப்பது பெரிய காரியம்.

இனி அந்த ஊற்று நீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது. பத்தீரைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்ல அனுமதி உண்டென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஊற்றிலிருந்து வரும் நீர் ஒரு பழைய கல் குளத்தில் சேர்கிறது. ரோமானியர் காலத்துக் குளம் என்று சொல்லப்படுகிறது. அங்கிருந்து வாய்க்கால்கள் பிரிந்து, கீழே உள்ள காய்கறித் திட்டுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. ஊரில் எட்டுப் பெருங்குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் முறைத்தண்ணீர். ஆகவே பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். முறை வந்த குடும்பத்தார் குளத்தில் குச்சியை விட்டு நீர்மட்டத்தை அளந்து, அந்த நாள் நீரைத் தமக்குள் கிளைவாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். பிறகு வாய்க்காலின் மடைகளைக் கல்லும் மண்ணும் கொண்டு அடைத்தும் திறந்தும் தத்தம் பாத்திகளுக்கு நீரைத் திருப்புவார்கள். மோட்டார் இல்லை, மீட்டர் இல்லை. முழுக்கச் சரிவும் புவியீர்ப்பும் பேசித் தீர்த்த வழக்கமும்தான்.

எட்டு நாள் சுற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதை யாரும் வேண்டுமென்றே அமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டால் தெரிகிறது, அவ்வளவே. ஏழு நாள் வாரத்தில் எட்டு நாள் முறை ஓடினால், ஒரு குடும்பத்தின் முறை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிழமை தள்ளிப்போகும். இந்த முறை வியாழன் என்றால் அடுத்த முறை வெள்ளி, அதற்கடுத்தது சனி. 56 நாட்களில் எல்லாக் குடும்பங்களும் எல்லாக் கிழமைகளையும் பார்த்துவிடும். தொழுகை நாளான வெள்ளியோ சந்தை நாளோ எப்போதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழாது. பாசன முறைகளைப் படித்த எவருக்கும் தெரியும்: நீர்ப் பங்கீட்டில் ஒரு குடும்பத்துக்குக் குறை என்று பட்டுவிட்டால் அந்த வழக்கம் நெடுநாள் நிற்காது. இங்கே நின்றிருக்கிறது. எட்டுக் குடும்பங்களையும் ஒரே குளத்தைச் சுற்றி உட்கார வைத்துப் பேசவைக்கும் இந்த ஏற்பாடு, ஊருக்குள் ஒரு பொறுப்பையும் பழக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வாய்க்காலின் கடைமடை வரை எல்லாரும் தம் பங்கு வாய்க்காலைச் சுத்தம் செய்தால்தான் நீர் போகும். ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனாலும் மற்ற ஏழுக்கும் அது உறைக்கும்.

இந்த நீரில் விளைவது பெரும்பாலும் காய்கறி. பத்தீர்க் கத்தரிக்காய்க்கு அந்த வட்டாரத்தில் தனிப் பெயர் உண்டு. பெத்லகேம் சந்தையில் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விற்பார்கள். நீர் எட்டாத மேல்திட்டுகளில் ஒலிவமும் திராட்சையும். வயல்களுக்கு நடுவே கல்லால் கட்டிய காவல் குடில்கள் நிற்கும். அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு அங்கேயே தங்கிக் காவல் காப்பது வழக்கம்.

இப்போது பார் கொக்பா கேள்விக்கு வருகிறேன். கி.பி. 132-இல் ரோமப் பேரரசர் ஹாட்ரியனுக்கு எதிராக யூதர்கள் எழுந்தார்கள். தலைவர் பார் கொக்பா. 135-ஆம் ஆண்டு வாக்கில் பெத்தார் என்ற கோட்டை வீழ்ந்ததோடு அந்தக் கிளர்ச்சி முடிந்தது. பெத்தாரும் பத்தீரும் ஒன்று என்பதை ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கிறார்கள். எனக்கும் அதில் தயக்கம் இல்லை. பெயர் தொடர்ந்து வந்திருக்கிறது என்பது ஒன்று. ஊரை ஒட்டிய குன்றின்மேல் உள்ள இடிபாடுகளை ஊர்க்காரர்களே கிர்பெத் அல்-யஹூத், அதாவது யூதர்களின் பாழ்மனை என்று அழைத்து வந்தார்கள் என்பது இன்னொன்று. இவற்றைவிட வலுவான சான்று ஊற்றருகே பாறையில் வெட்டப்பட்ட லத்தீன் எழுத்துகள்: ஐந்தாம் மாசிடோனிகா, பதினொன்றாம் கிளாடியா என்ற இரண்டு ரோமப் படைப்பிரிவுகளின் பெயர்கள் அதில் உள்ளன. 1984-இல் இஸ்ரேலியத் தொல்லியலாளர் டேவிட் உசிஷ்கின் குன்றை ஆராய்ந்தபோது, அவசரமாக எழுப்பிய மதிலும் குன்றைச் சுற்றி வளைத்த முற்றுகை வேலியின் தடமும் பதிவாயின. முற்றுகை நடந்தது, கோட்டை இங்கே இருந்தது என்ற அளவில் இது உறுதி. ஆனால் பெத்தாரில் இறந்தவர்கள் பற்றி யூத மரபு நூல்களில் வரும் மாபெரும் எண்ணிக்கைகளை அப்படியே வரலாறாக எடுக்க முடியாது. அந்தச் சிறிய குன்றின் பரப்பில் அத்தனை பேர் நிற்கவே இடம் போதாது. அவை ஒரு பேரழிவின் துயரத்தைச் சொல்ல எழுந்த எண்கள். அந்தத் துயரம் உண்மையானது. யூதர்கள் இன்றும் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் நோன்பில் பெத்தாரின் வீழ்ச்சியையும் சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். இந்த ஒரே நிலம் இரண்டு மக்களுக்கும் சொந்த நினைவாக இருப்பதை மறைத்துவிட்டு பத்தீரின் வரலாற்றை எழுத முடியாது, எழுதவும் கூடாது.

அடுத்த பல நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். உஸ்மானியர் ஆட்சியில் இது வரி கட்டும் ஒரு சாதாரண உழவர் கிராமம். திருப்பம் 1892-இல் வந்தது. யாஃபா துறைமுகத்திலிருந்து ஜெருசலேமுக்கு ஒரு பிரெஞ்சு நிறுவனம் ரயில் பாதை போட்டது. பாலஸ்தீனத்தின் முதல் ரயில் பாதை அது. நீளம் ஏறக்குறைய 87 கிலோமீட்டர். மலை ஏற அவர்களுக்கும் அந்தப் பழைய இயற்கை வாசலை விட்டால் வேறு வழியில்லை. சோரேக், பிறகு ரெப்பாயீம் என்று பள்ளத்தாக்கின் தரையிலேயே வளைந்து வளைந்து பாதை ஏறியது. பத்தீரின் வயல்களுக்குக் கீழே தண்டவாளம் வந்தது. ஜெருசலேமுக்கு முந்தைய நிலையமாகப் பத்தீர் ஆயிற்று. விடியலில் பறித்த கீரையையும் கத்தரியையும் கூடைகளில் எடுத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் ரயிலேறி ஜெருசலேம் சந்தைக்குப் போனார்கள். ஒரு மலைக்கிராமத்துக்கு நகரச் சந்தை இவ்வளவு அருகில் வருவது அபூர்வம். 1922 கணக்கெடுப்பில் 542 பேர் இருந்த ஊரில் 1945 வாக்கில் 1,050 பேர் இருந்தார்கள். இந்த வளர்ச்சிக்கு ரயில் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பாலஸ்தீனக் கிராமங்கள் பலவும் அந்தக் காலத்தில் வளர்ந்தன. ஆனாலும் ஊற்று நீரில் விளைந்த காய்கறிக்கு விலை கிடைக்க வைத்தது ரயில்.

இனி 1948. அந்த ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெருசலேமின் மேற்கே தேர் யாசீன் கிராமத்தில் படுகொலை நடந்தது. அச்செய்தி மலைக்கிராமங்களை உலுக்கியது. மாதங்கள் போகப் போக, பள்ளத்தாக்கின் சுற்றுப்புறத்து ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அல்-வலஜா, அல்-கபூ, ராஸ் அபூ அம்மார் என்று அக்டோபரில் விழுந்தவை பத்தீருக்கு அக்கம்பக்கத்தவை. பத்தீரிலும் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். எஞ்சி நின்றது ஒரு சிறு கூட்டம். அதற்குத் தலைமை தாங்கியவர் ஹஸன் முஸ்தஃபா என்ற படித்த உள்ளூர்க்காரர். இரவில் காலி வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள், காலையில் ஆடுமாடுகளை வழக்கம்போல் வெளியே ஓட்டுவார்கள், ஊர் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று எதிர்ப்பக்கம் நினைத்துக்கொண்டது என்பதே நீங்கள் கேள்விப்பட்ட கதையின் மூலம். ஊரில் பலரும் ஒன்றுபோலச் சொல்லும் நினைவு இது. அதனால் விளக்கு ஏற்றினார்கள் என்பதை நான் நம்புகிறேன். விளக்கைப் பார்த்துத்தான் படை திரும்பியது என்பதை மட்டும் உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். தாக்காமல் விட்ட காரணத்தை அறிய, முடிவெடுத்த தரப்பின் ஆவணம் வேண்டும். வாய்மொழி நினைவால் எதிர்த்தரப்பின் மனத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது.

என் பார்வையில், விளக்கைவிடப் பெரிய காரணம் தண்டவாளம். 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்டானும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் எட்டாம் பிரிவில், ஜெருசலேமுக்கு ரயில் போக்குவரத்தை மீண்டும் தொடங்குவது கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. இஸ்ரேலுக்கு அந்த ரயில் தேவை. ரயில் பத்தீரின் நிலத்துக்குள்தான் ஓடுகிறது. மேலே சரிவில் இருக்கும் ஒருவர் ஒரு பாறையை உருட்டினாலே வண்டி நின்றுவிடும். இந்த இடத்தில்தான் ஊரின் கையில் பேரம் பேச ஒரு பொருள் இருந்தது. எட்டப்பட்ட ஏற்பாடு இது: எல்லைக்கோடு தண்டவாளத்தை ஒட்டிப் போகும், பாதை இஸ்ரேல் வசம் இருக்கும், ஊர் ஜோர்டான் வசம் இருக்கும். ஊரின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கோட்டுக்கு அப்பால் போனாலும், ரயிலுக்குத் தீங்கு வராதவரை பத்தீர் உழவர்கள் அங்கே போய்ப் பயிரிடலாம். ரயில் ஓடியது, உழவர்கள் தண்டவாளத்தைக் கடந்து போய் வந்தார்கள். 1967-க்கு முன்பு எல்லைக்கோட்டைத் தாண்டித் தம் நிலத்தில் உழைக்க முறையான அனுமதி பெற்றிருந்த பாலஸ்தீனர்கள் இவர்கள் மட்டுமே என்பார்கள். பேச்சுவார்த்தையில் இஸ்ரேலியத் தளபதி மோஷே தயான் நேரடியாக வாக்குக் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. அவர் ஜெருசலேம் பகுதித் தளபதியாக இருந்ததும் ஜோர்டானியரோடு பேசியதும் பதிவான செய்திகள். இந்தக் குறிப்பிட்ட வாக்குறுதியை ஊரின் நினைவு என்ற அளவில் வைத்துக்கொள்வது நேர்மை.

ஆனால் பேரம் பேசுவதற்கு ஊரில் ஆள் இருந்திருக்க வேண்டுமே! முழுக்கக் காலியான ஊருக்காக எந்தத் தரப்பும் எந்த மேசையிலும் வாதாடவில்லை. விளக்குக் கதையின் உண்மையான எடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தச் சிறு கூட்டம் நின்றதால்தான் ஊர் பேச்சுக்குரிய ஊராக இருந்தது. வெளியேறியவர்களுக்குத் திரும்பிவர ஒரு வாசல் இருந்தது. அவர்கள் திரும்பியும் வந்தார்கள். ஹஸன் முஸ்தஃபா பிறகு ஊரின் சாலை, பள்ளி, வாய்க்கால் சீரமைப்பு என்று உழைத்து, 1961-இல் மறைந்தார்.

ஆட்கள் திரும்பாத இடத்தில் என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஜெருசலேமின் மேற்கே சதாஃப் என்றொரு கிராமம் இருந்தது. அதற்கும் ஊற்று, கல் குளம், அடுக்கு வயல் எல்லாம் உண்டு. 1948 ஜூலையில் காலியானது. மக்கள் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. பல ஆண்டுகள் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்ததில் சுவர்கள் சரிந்தன. 1980-களில் யூத தேசிய நிதியம் சில திட்டுகளைப் பணம் செலவிட்டு மீட்டெடுத்து, பழங்கால மலைவேளாண்மையைக் காட்டும் பூங்காவாக ஆக்கியது. வேலை நேர்த்தியாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே யாருக்கும் முறைத்தண்ணீர் நாள் கிடையாது. அந்தச் சுவர்களைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வேறெங்கோ அகதிகளாக இருக்கிறார்கள். பத்தீரையும் சதாஃபையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். நிலவமைப்பு ஒன்று, ஊற்று ஒன்று, பாறை ஒன்று; ஒன்றில் மக்கள் இருக்கிறார்கள்.

யுனெஸ்கோ கேள்விக்கு வருவோம். 1967-இல் மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் வந்தபோது பத்தீரும் வந்தது. 1990-களின் ஓஸ்லோ ஒப்பந்தங்கள் ஊரின் வீடுகள் உள்ள சுமார் கால்பங்கை, நிர்வாகம் பாலஸ்தீனர் கையிலும் பாதுகாப்பு இரு தரப்பிடமும் உள்ள 'பி' பகுதி என்றும், வயல்களும் மலையுமான முக்கால்பங்கை முழு இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் உள்ள 'சி' பகுதி என்றும் பிரித்தன. 2002-இல் மேற்குக் கரையைத் தனியே பிரிக்கும் பிரிப்புச் சுவரை இஸ்ரேல் கட்டத் தொடங்கியது. பத்தீரில் அந்தச் சுவர் தண்டவாளத்தை ஒட்டி, அடுக்கு வயல்களையும் பழைய வாய்க்கால்களையும் வெட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். உழவர் ஒரு பக்கம், வயல் மறுபக்கம். ஊர் நீதிமன்றம் போனது. இஸ்ரேலியச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சேர்ந்துகொண்டார்கள். இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையமே 2012-இல், இந்தப் பாதையில் சுவர் எழுந்தால் அடுக்கு வயல்களுக்கு ஈடுசெய்ய முடியாத சேதம் வரும் என்று அரசின் நிலைப்பாட்டுக்கு மாறாகக் கருத்துச் சொன்னது. அரசு அமைப்பு ஒன்று அப்படிச் சொன்னதற்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

பாலஸ்தீனம் 2011-இல் யுனெஸ்கோவில் உறுப்பினரானது. அதனால் 2014-இல் அவசர வழியில் பத்தீரை உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. ஆலோசனை அமைப்பான ஐகோமாஸ், அவசர வழியில் சேர்க்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. இதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், தெரிந்திருப்பது நல்லது. ஆயினும் ஜூன் 20 அன்று தோஹாவில் கூடிய குழுவில் 11 பேர் ஆதரித்தும் 3 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள், 7 பேர் ஒதுங்கினார்கள். பத்தீர் பட்டியலில் ஏறியது. ஒலிவமும் திராட்சையும் விளையும் தென் ஜெருசலேமின் பண்பாட்டு நிலக்காட்சி என்ற பெயரில், ஏறக்குறைய 349 ஹெக்டேர். ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலிலும் அன்றே சேர்த்தார்கள். பாலஸ்தீனத்துக்கு இது இரண்டாவது. பெத்லகேமின் திருப்பிறப்பு ஆலயம் 2012-இல் சேர்ந்தது. 2015 ஜனவரியில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தின் முன் சுவர்த் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. யுனெஸ்கோதான் சுவரை நிறுத்தியது என்று சொல்கிறவர்கள் உண்டு. வழக்கு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது; ஆணையத்தின் கருத்தும் முன்பே வந்துவிட்டது. பட்டியல் எடையைக் கூட்டியது என்று சொல்லுங்கள்; அதுவரைதான் நியாயம்.

சுவர் நின்றதோடு நெருக்கடி நிற்கவில்லை. அருகிலுள்ள பெய்தார் இல்லித் குடியேற்றம் 1980-களில் தொடங்கிப் பெரிய நகரமாகிவிட்டது. வயல்களுக்குப் போகும் அல்-மக்ரூர் பள்ளத்தாக்கில் வீடுகள் இடிக்கப்பட்டிருக்கின்றன. 2024 ஜூனில் இஸ்ரேலிய அமைச்சரவை அங்கீகரித்த ஐந்து குடியேற்றங்களில் நஹல் ஹெலெட்ஸ் ஒன்று. அதே ஆகஸ்டில் நிதியமைச்சர் பெசலேல் ஸ்மோத்ரிச் அதற்கு ஏறக்குறைய 600 துனாம், அதாவது 60 ஹெக்டேர் நிலம் ஒதுக்கப்பட்டதை அறிவித்தார். அந்த இடம் பத்தீரின் பாரம்பரிய எல்லைக்குள் வருகிறது. உலகப் பாரம்பரியப் பட்டயம் சட்டப்படி எந்த புல்டோசரையும் தடுத்து நிறுத்துவதில்லை. கேள்வி கேட்க ஒரு மேடை தருகிறது, அவ்வளவுதான்.

இதோடு, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கவனிக்காத இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது.  2007 கணக்கெடுப்பிலேயே ஊரில் 3,967 பேர். ரயில் ஊரில் நிற்பது 1948-ஓடு போயிற்று. ஜெருசலேம் சந்தைக்குப் போக இப்போது அனுமதிச் சீட்டு வேண்டும். காய்கறி விற்றுக் குடும்பம் நடத்த முடியாதபோது இளைஞர்கள் கூலி வேலைக்கும் நகரத்து வேலைக்கும் போகிறார்கள். விழுந்த கல்லை எடுத்து வைக்க ஆள் குறைகிறது. வாழ்கிற வயலை அழிக்க புல்டோசர் அவசியமில்லை. சந்தையை மூடினாலே போதும். அதனால் பத்தீரைப் பற்றி இனி எங்கேயாவது செய்தி வந்தால், சுவர் வந்ததா, குடியேற்றம் வந்ததா என்று பார்ப்பதோடு, அந்தக் கத்தரிக்காய் எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் தேடிப் பாருங்கள். அல்-வலஜாவைப் பற்றித் தனியே கேட்டிருந்தால் இன்னும் எழுதியிருப்பேன்; நிலத்தில் பெரும்பகுதியை இழந்து, எல்லைக்கோட்டுக்கு ஜோர்டான் பக்கத்தில் புதிதாக ஊர் அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பத்தீரின் கதையை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே பள்ளத்தாக்கில் ஓர் ஊருக்குக் கிடைத்ததும் அடுத்த ஊருக்குக் கிடைக்காததும் என்னவென்று தெளிவாகத் தெரியும்.